ஆப்பிரிக்கா ஏன் முந்திரியைக் கொட்டையாகவே விற்கிறது?

கேட்கப்பட்ட கேள்வி இது: "முந்திரி, கோகோ, காபி என்று உலகம் கேட்கும் பொருளெல்லாம் ஆப்பிரிக்காவில் விளைகிறது. ஆனால் பச்சையாகவே கப்பல் ஏற்றிவிடுகிறார்கள். அங்கேயே ஆலை வைத்துப் பதப்படுத்தி விற்றால் அந்த நாடுகள் முன்னேறிவிடாதா? ஏன் இன்னும் செய்யவில்லை?"

செய்யாமல் இல்லை, பலமுறை செய்து பார்த்திருக்கிறார்கள். சில இடங்களில் கட்டிய ஆலைகள் கிடங்காகிப் போயின. ஓடிக்கொண்டிருந்த ஆலைகளை மூடும்படி ஆன இடமும் உண்டு. இப்போது மறுபடி பெரிய அளவில் முயல்கிறார்கள். இந்தக் கதைகளை எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஆலை இருக்கிறதா இல்லையா என்பதைவிட, அறுவடை நடக்கும் மூன்று நான்கு மாதத்தில் யார் கையில் பணம் இருக்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆப்பிரிக்கா ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் கொண்ட கண்டம். எல்லாப் பயிருக்கும் சேர்த்து ஒரே பதில் சொல்ல முடியாது. எனக்கு நன்றாகத் தெரிந்தது முந்திரி. தூத்துக்குடி துறைமுகம் வழியாக வரும் ஆப்பிரிக்கக் கொட்டையை வாங்குகிறவர்களோடு பல வருடம் வேலை பார்த்தவன். அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் அடிப்படை நிலவரம். உலகத்தில் விளையும் முந்திரிக் கொட்டையில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்காவில் விளைகிறது. ஐவரி கோஸ்ட் மட்டும் வருடத்துக்கு 10 லட்சம் டன்னுக்கு மேல் எடுக்கிறது. இன்று உலகின் முதல் உற்பத்தியாளர் அந்த நாடுதான். இத்தனைக்கும் 1960களில் அங்கே வடக்குப் பகுதியில், கொரோகோ பக்கம், முந்திரியை நட்டது பாலைவனம் பரவாமல் தடுப்பதற்காக. தான்சானியா, மொசாம்பிக், கினி-பிசாவு, பெனின், நைஜீரியா, கானா எல்லாம் வரிசையில் வருகின்றன. கொட்டையில் பெரும்பகுதி வியட்நாமுக்கும் இந்தியாவுக்கும் போகிறது. அங்கே உடைத்து, தோல் உரித்து, தரம் பிரித்து, பருப்பாக ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகும். இந்தியாவில் உடைப்பதில் பெரும்பங்கு நமக்கே போய்விடுகிறது; உலகத்திலேயே அதிகமாக முந்திரிப் பருப்பு சாப்பிடுவது நாம்தான்.

இப்போது கிராமத்துக்குப் போவோம். மிகத் தெளிவாகப் புரியும் இடம் கினி-பிசாவு. மேற்கு ஆப்பிரிக்கக் கடலோரத்தில் உள்ள சின்ன நாடு. ஏற்றுமதி வருமானத்தில் 90 சதவீதத்துக்கு மேல் முந்திரி ஒன்றிலிருந்துதான். ஏப்ரல் முதல் ஜூன் வரை அறுவடை. குடும்பமே தோப்பில் இறங்கும். விழுந்த பழத்தைப் பொறுக்கி, கொட்டையைத் திருகி எடுத்து, பழத்தைப் பிழிந்து பெண்கள் ஒரு வகை மது காய்ச்சுவார்கள். கொட்டையை வாங்க வியாபாரி வருவார். பல கிராமங்களில் அவர் கொண்டுவருவது பணம் அல்ல, அரிசி மூட்டை. நல்ல வருடத்தில் ஒரு கிலோ கொட்டைக்கு ஒரு கிலோ அரிசி. விலை விழுந்த வருடத்தில் ஒரு கிலோ அரிசிக்கு இரண்டு, மூன்று கிலோ கொட்டை அளக்க வேண்டியிருக்கும். 2012 ஏப்ரலில், சரியாக சீசன் தொடங்கும் நேரத்தில், அங்கே ராணுவப் புரட்சி நடந்தது. கொள்முதல் குலைந்தது, மக்கள் சாப்பாட்டுக்கே திண்டாடினார்கள்.

அந்த அரிசி ஆசியாவிலிருந்து இறக்குமதியாகும் அரிசி. இதே நாட்டில் பலாண்டா என்ற மக்கள், கடல் நீர் ஏறி இறங்கும் அலையாத்திச் சதுப்பில் கரை கட்டி, மழைநீரால் உப்பைக் கழுவி நெல் விளைவிக்கும் அபாரமான முறையைத் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்தவர்கள். அந்தக் கரைகளை வருடா வருடம் செப்பனிட நிறைய ஆள் வேண்டும். முந்திரிக்கு அவ்வளவு உழைப்பு வேண்டாம். 1980களில் சந்தை திறந்துவிடப்பட்ட பிறகு மக்கள் முந்திரிப் பக்கம் திரும்பியது முட்டாள்தனம் இல்லை, கணக்குப் பார்த்துச் செய்ததுதான். ஆனால் சாப்பாடும் வருமானமும் ஒரே கொட்டையில் போய் மாட்டிக்கொண்டன. ஜூனில் மழை பிடித்துவிட்டால் வீட்டில் தானியம் இருக்காது. வியாபாரிக்கு அது தெரியும். அவர் சொல்லும் விலைதான் விலை.

விவசாயிக்குக் காத்திருக்க முடியாது என்பது இந்த வர்த்தகத்தின் முதல் உண்மை. இரண்டாவது, தன் கொட்டையின் தரம் என்ன என்று அவருக்கே தெரியாது. வாங்குகிறவர்கள் தரத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்று கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பணம் கைமாறுவது இங்கேதான். மூட்டைகளில் அங்கங்கே குத்தி எடுத்து, கலந்து, ஒரு கிலோ மாதிரி பிரிப்போம். அதில் எத்தனை கொட்டை என்று எண்ணுவோம். 180, 190 என்றால் பெரிய கொட்டை, 210ஐத் தாண்டினால் சிறிசு. பிறகு ஒவ்வொன்றையும் வெட்டி, நல்ல பருப்பு, புள்ளி விழுந்தது, முற்றாதது, பூசணம் பிடித்தது என்று பிரித்து எடை போடுவோம். நல்லதோடு, அரைகுறையானதில் பாதியைச் சேர்த்து, 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு தேறும் என்று கணக்கு. இதற்கு அவுட்டர்ன் என்று பெயர். ஒரு கிலோவில் 272 கிராம் தேறினால் 48 பவுண்டு. 47க்கும் 50க்கும் உள்ள வித்தியாசத்தில்தான் ஆலையின் லாபம் முழுக்க அடங்கும். பேரமும் சண்டையும் அதன் மேலேயே நடக்கும்.

கினி-பிசாவு கொட்டை நல்ல வருடத்தில் 52 வரை போகும். ஆனால் அதை விளைவித்தவருக்குக் கிலோ கணக்கில்தான் காசு. நன்றாகப் பழுத்து விழுந்ததைப் பொறுக்கி, இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவைத்தவருக்கும், பச்சையாகப் பறித்து ஈரத்தோடு மூட்டை கட்டினவருக்கும் கிராமத்தில் பெரும்பாலும் ஒரே விலை. அப்புறம் யார் காயவைப்பார்கள்? கடைசியில் ஈரக்கொட்டை கப்பலில் புழுங்கிப் பூசணம் பிடிக்கும். வாங்குகிறவர் அந்த அபாயத்தையும் சேர்த்தே விலையைக் குறைப்பார். நல்ல தரம் விளைவித்த விவசாயிதான் அந்த நஷ்டத்தையும் சுமக்கிறார். வெட்டிப் பார்க்க ஒரு கத்திரியும் ஒரு தராசும் போதும். கிராமத்துச் சங்கமே செய்யலாம். செய்கிற இடங்களில் விலை ஏறவும் செய்கிறது.

சரி, ஆலைப் பக்கம் வருவோம். ஐவரி கோஸ்டில் வருடத்துக்கு 5,000 டன் உடைக்கும் ஓர் ஆலை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் கொட்டை வருவது பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை. வருடம் முழுக்க ஆலை ஓட வேண்டுமென்றால் அந்தச் சில மாதத்துக்குள் முழுச் சரக்கையும் வாங்கிக் கிடங்கில் போட்டாக வேண்டும். டன் 1,000 டாலர் என்றாலும் 50 லட்சம் டாலர் முடங்கும். உள்ளூர் வங்கி அவ்வளவு தராது. தந்தாலும் வட்டி தாங்காது. நடுவில் உலகச் சந்தையில் பருப்பு விலை விழுந்தால், அதிக விலைக்கு வாங்கிய கொட்டை கிடங்கில் நிற்கும். ஒரே வருடத்தில் ஆலை மூழ்கிவிடும்.

வியட்நாமிலோ இந்தியாவிலோ இருக்கும் ஆலைக்காரர் என்ன செய்கிறார்? பிப்ரவரியிலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவில் வாங்குவார். அது தீரும்போது, அக்டோபரிலிருந்து தான்சானியா, மொசாம்பிக் கொட்டை வந்துவிடும். கூடவே சொந்த நாட்டு விளைச்சல் கொஞ்சம். கிட்டத்தட்ட வருடம் முழுக்கக் கப்பல் வந்துகொண்டே இருப்பதால் மூன்று மாதச் சரக்குக்குப் பணம் இருந்தால் போதும். கொட்டை விளையும் நாட்டில் ஆலை வைப்பவருக்கு, கொட்டை பக்கத்தில் இருப்பதே பாரமாகிவிடுகிறது. கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் மேற்கு ஆப்பிரிக்காவின் பல ஆலைகளின் கழுத்தை நெரித்தது இதுதான்.

இன்னொன்று, துண்டுப் பருப்பு. எவ்வளவு கவனமாக உடைத்தாலும் ஒரு பங்கு துண்டாகும். டபிள்யூ 320 என்ற தரம் மாதிரி முழுப் பருப்புக்குத்தான் ஏற்றுமதியில் நல்ல விலை. இந்தியாவில் துண்டுக்குக் கவலையே இல்லை. இனிப்புக்கடை, பிஸ்கட் கம்பெனி, ஓட்டல் குருமா வரைக்கும் எல்லாம் எடுத்துக்கொள்ளும். ஐவரி கோஸ்டின் அபிஜான் நகரத்தில் அப்படிப்பட்ட உள்ளூர்ச் சந்தை சின்னது. அதனால் உடைப்பவரின் கை பழகாத முதல் இரண்டு வருடத்தில் ஆலைக்கு ஏற்படும் இழப்பு அங்கே பல மடங்கு வலிக்கும். அந்தக் கைப்பழக்கம் சாதாரண விஷயமில்லை. கொல்லத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்து அண்டி ஆபீஸ் எனப்படும் முந்திரி ஆலைகளிலும், ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டுத் தோல் வெந்துபோகாமல் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு உடைத்த பெண்களின் தலைமுறைகள் கட்டிய தொழில் இது. வியட்நாம் இதையே இயந்திரத்தில் பிடித்தது. 2006ல் பருப்பு ஏற்றுமதியில் இந்தியாவை முந்தியது. இப்போது ஆப்பிரிக்க ஆலைகளுக்கும் அந்த இயந்திரங்கள் போகின்றன.

மொசாம்பிக் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1970களின் தொடக்கத்தில் அந்த நாடு வருடத்துக்கு 2 லட்சம் டன்னுக்கு மேல் விளைவித்தது. உலகின் முதல் உற்பத்தியாளர் அப்போது அதுதான். சொந்த ஆலைகளும் இருந்தன. 1975ல் போர்ச்சுகலிடமிருந்து விடுதலை, 1977லிருந்து 1992 வரை உள்நாட்டுப் போர். தோப்புகள் பாழாயின, மரங்கள் கிழடாயின, சாம்பல் நோய் பரவியது. போர் முடிந்ததும் ஆலைகளைத் தனியாரிடம் விற்றார்கள். வாங்கியவர்கள் முதலீடு போட்டுப் புதுப்பிக்கத் தொடங்கிய நேரத்தில், 1995ல், கொட்டை ஏற்றுமதி மீதான வரியைக் குறைக்கச் சொல்லி உலக வங்கி அழுத்தம் கொடுத்தது. கடன் வேண்டுமானால் ஒப்புக்கொள்ள வேண்டிய நிலை.

உலக வங்கியின் வாதம் அர்த்தமில்லாதது என்று சொல்ல மாட்டேன். ஏற்றுமதி வரி போட்டால் உள்ளூரில் கொட்டை விலை குறையும். அந்த இழப்பு லட்சக்கணக்கான ஏழை விவசாயக் குடும்பங்களுக்கு, லாபம் சில ஆலைக்காரர்களுக்கு. ஆலைகளும் பழையவை, திறமையற்றவை. வரியை எடுத்தால் விவசாயிக்கு விலை கூடும் என்றார்கள். நடந்தது வேறு. கூடுதல் விலையில் பெரும்பங்கை இடைத்தரகர்கள் எடுத்துக்கொண்டார்கள். அப்போது கொட்டை வாங்கக் கிட்டத்தட்ட இந்தியா மட்டும்தான். ஒரே வாங்குபவர் இருக்கும் சந்தையில் விலை எப்படி ஏறும்? டானி ரோட்ரிக் உள்ளிட்ட மூன்று பொருளியலாளர்கள் 2002ல் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு சராசரி முந்திரிக் குடும்பத்துக்கு இந்தச் சீர்திருத்தத்தால் கிடைத்தது வருடத்துக்கு அதிகபட்சம் 5 டாலர் 30 சென்ட். மறுபக்கம் ஆலைகள் மூடி, சுமார் 10,000 தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். அவர்களில் பலர் பெண்கள். பின்னால் நாடாளுமன்றமே தலையிட்டு வரியை 18 சதவீதத்துக்குக் குறையாமல் உயர்த்தியது. நம்புலா மாகாணத்தில் சின்னச் சின்ன ஆலைகள் மெல்ல மீண்டன. பெரிய ஆலைகள் திரும்பவில்லை.

இதைப் படித்துவிட்டு "அப்படியானால் அரசே எல்லாவற்றையும் கையில் எடுக்க வேண்டும்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தான்சானியா அதையும் செய்து பார்த்தது. 1970களிலும் 80களிலும் வெளிநாட்டுக் கடனில், இத்தாலிய, ஜப்பானிய இயந்திரங்களோடு பத்துக்கும் மேற்பட்ட ஆலைகள் கட்டினார்கள். அதே காலத்தில் உஜாமா என்ற அரசின் கூட்டுக் கிராமத் திட்டத்தில் மக்களைத் தோப்புகளிலிருந்து புதுக் கிராமங்களுக்குக் குடிபெயர்த்தார்கள். மரத்தைப் பார்க்க ஆளில்லை. 1973-74ல் 1,45,000 டன்னாக இருந்த விளைச்சல் 1986-87ல் 20,000 டன்னுக்கும் கீழே போனது. ஆலைகள் தயார், உடைக்கக் கொட்டை இல்லை.

அதே தான்சானியா 2018ல் இன்னொரு பாடம் படித்தது. முந்தைய வருடம் ஏலத்தில் கிலோவுக்கு 4,000 ஷில்லிங் வரை பார்த்த விவசாயிகள், அந்த வருடம் 3,000க்குக் கீழே கேட்கப்பட்டதும் விற்க மறுத்தார்கள். அதிபர் ஜான் மகுஃபுலி, தனியார் வியாபாரிகளை ஒதுக்கிவிட்டு, முழு விளைச்சலையும் அரசே 3,300 ஷில்லிங்குக்கு வாங்கும் என்று அறிவித்தார். முந்திரி விளையும் ம்ட்வாரா பக்கம் ராணுவ லாரிகள் போய்ச் சரக்கை எடுத்தன. விவசாயிகள் மேல் அவருக்கு இருந்த அக்கறையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 2 லட்சம் டன்னுக்கு மேல் வாங்கி யாரிடம் விற்பது? ஒரு லட்சம் டன்னுக்கு ஒரு கென்ய நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தம் சில மாதத்தில் ரத்தானது. சரக்கு கிடங்கில் நின்றது. விவசாயிகள் பணத்துக்காக மாதக்கணக்கில் அலைந்தார்கள்.

இத்தனைக்கும் தான்சானியாவிடம் 2007லிருந்து ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. விவசாயி கொட்டையைச் சங்கத்தின் மூலம் பதிவுபெற்ற கிடங்கில் ஒப்படைத்து ரசீது வாங்குவார். சரக்கு மொத்தமாக ஏலத்துக்குப் போகும். குறைகள் நிறைய உண்டு. பணம் தாமதமாகும், சங்கப் பிடித்தம் அதிகம் என்ற புலம்பல் எப்போதும் கேட்கும். ஆனாலும் பல பேர் போட்டி போட்டு வாங்கும் ஏலத்தில் சரக்கு நிற்பதும், அரிசி மூட்டையோடு வரும் ஒற்றை ஆளிடம் அளப்பதும் ஒன்றாகாது. என்னைக் கேட்டால், ஆலைக்குப் போகும் கவனத்தில் பாதியாவது இந்தக் கிடங்கு ரசீதுக்குப் போக வேண்டும். ரசீதை அடகு வைத்து வங்கியில் கொஞ்சம் பணம் எடுக்க முடிந்தால் விவசாயி இரண்டு மாதம் காத்திருப்பார். அதே ரசீதை வைத்து உள்ளூர் ஆலைக்காரரும் கடன் எடுப்பார். இரண்டு பேரின் முடிச்சும் அங்கேதான் அவிழும்.

ஐவரி கோஸ்ட் இந்தத் திசையில் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. உடைத்த பருப்பு கிலோவுக்கு 400 சிஎஃப்ஏ பிராங்க் (அந்த நாட்டு நாணயம்) மானியம் கொடுத்தார்கள். 2018ல் உலக வங்கியிடமிருந்தே, அன்று மொசாம்பிக்கை நெருக்கிய அதே வங்கியிடமிருந்து, முந்திரித் தொழிலுக்காக 20 கோடி டாலர் கடன் வாங்கி, கிடங்கு, சாலை, ஆலைக்கடனுக்கு உத்தரவாதம் என்று செலவிட்டார்கள். முன்பு சில சதவீதமாக இருந்த உள்ளூர் உடைப்பு இப்போது விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டது. பெனின் இன்னும் வேகமாகப் போகிறது. கோட்டனூ நகரம் அருகே குளோ-ஜிக்பேயில் பெரிய தொழிற்பேட்டை அமைத்து, 2024 ஏப்ரலிலிருந்து பச்சைக் கொட்டை ஏற்றுமதியையே தடை செய்தது.

தடை என்பதில் எனக்குப் பயம் உண்டு. வெளிநாட்டு வாங்குபவரை வெளியே நிறுத்திவிட்டால், உள்ளூர் ஆலை விவசாயிக்கு அதிக விலை கொடுக்க என்ன அவசியம்? ஆலையின் லாபம் விவசாயியின் பையிலிருந்து வந்தால், வறுமை இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

இதில் நம் நாட்டுக்கும் பங்கிருக்கிறது, அதைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. முந்திரிப் பருப்புக்கு ஐரோப்பாவில் இறக்குமதி வரி கிடையாது. இந்தியாவில் 2018 பட்ஜெட்டில் கொட்டைக்கு வரி 5லிருந்து 2.5 சதவீதமானது. 2019 பட்ஜெட்டில் பருப்புக்கு வரி 45லிருந்து 70 சதவீதமானது. அதாவது, கொட்டையாக வா, பருப்பாக வராதே என்கிறோம். கொல்லத்திலும் பண்ருட்டியிலும் மார்த்தாண்டத்திலும் அந்த வேலையை நம்பி இருக்கும் பெண்களை நினைத்தால் அந்த வரியை எடு என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் உலகின் மிகப் பெரிய முந்திரிச் சந்தை, ஆப்பிரிக்காவின் துண்டுப் பருப்பையும் சேர்த்து வாங்கக்கூடிய சந்தை, இப்படி மூடியிருக்கும்போது, "ஏன் அங்கேயே பதப்படுத்தக் கூடாது" என்ற கேள்வியின் ஒரு பாதி நம் பக்கம் திரும்புகிறது.

முந்திரிக்கு மட்டும்தானா இப்படி என்றால், இல்லை. உலகின் கோகோவில் பாதிக்கு மேல் தரும் ஐவரி கோஸ்ட், கானா இரண்டிலும் அரசு வாரியங்கள் விளைச்சலை ஒரு வருடம் முன்பே விற்றுவிடும். கானா வாரியம் 1990களின் தொடக்கத்திலிருந்து அந்த முன்விற்பனையைக் காட்டி வெளிநாட்டு வங்கிகளிடம் கடன் வாங்கித்தான் கொள்முதல் செய்துவந்தது. விலை விழும் வருடத்தில் இது விவசாயியைக் காப்பாற்றும். ஆனால் 2024ல் உலகச் சந்தையில் கோகோ டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியபோது, விவசாயிக்குப் பழைய விலையை ஒட்டிய பணம்தான். எல்லை தாண்டி டோகோவுக்கு மூட்டைகள் கடத்தப்பட்டன. கோகோ அரைப்பதில் ஐவரி கோஸ்ட் இன்று நெதர்லாந்தோடு போட்டி போடும் நிலையில் இருக்கிறது. ஆலை இருந்தும் விவசாயியின் கையில் பணம் புரளவில்லை.

இன்னொரு பெரிய வாய்ப்பு ஆப்பிரிக்காவுக்குள்ளேயே இருக்கிறது. கண்டம் தழுவிய சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் 2018ல் ருவாண்டாவின் கிகாலியில் கையெழுத்தாகி, 2021 ஜனவரியில் அதன்படி வர்த்தகம் தொடங்கியது. ஐவரி கோஸ்ட் ஆலை சீசன் முடிந்ததும் தான்சானியக் கொட்டையை வாங்கி ஓட்ட முடிந்தால், மேலே சொன்ன 50 லட்சம் டாலர் பாரம் பாதியாகக் குறையும். வியட்நாம் செய்வதைத்தான் சொல்கிறேன். ஆனால் இன்று ஐவரி கோஸ்ட் தன் கொட்டை தரைவழியாக எல்லை தாண்டுவதையே தடை செய்து வைத்திருக்கிறது. பக்கத்து நாடுகள் ஒன்றையொன்று கடத்தல்காரராகப் பார்க்கின்றன. கண்டத்தின் மொத்த வர்த்தகத்தில் தங்களுக்குள் நடப்பது ஏறக்குறைய 15 சதவீதம்தான்.

கடைசியாக, பெனின் முயற்சி வெல்கிறதா என்று தெரிந்துகொள்ள விரும்பினால் புதிய ஆலைத் திறப்பு விழாச் செய்திகளைப் பின்தொடராதீர்கள். மார்ச், ஏப்ரலில் பெனின் கிராமத்தில் கிலோ என்ன விலை, எல்லைக்கு அந்தப் பக்கம் டோகோவிலும் நைஜீரியாவிலும் என்ன விலை என்று ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒட்டி இருந்தால் ஆலைகள் நேர்மையாகப் போட்டி போட்டு வாங்குகின்றன. பெனினில் விலை குறைவாக இருந்து, இரவில் மூட்டைகள் எல்லை தாண்டினால், அந்தத் தொழிற்பேட்டைக்கான செலவை விவசாயிதான் கட்டிக்கொண்டிருக்கிறார்.